புதுத் தொட்டியும் புறநகர்த் தண்ணீரும்

மீன் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் சம்ப் மூடியைத் திறந்து பாருங்கள். இப்போது அதில் கிடப்பது எந்தத் தண்ணீர்? சென்னையின் தெற்குப் புறநகரில், செலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஒரு சாதாரண வீட்டில் ஒரே மாதத்துக்குள் போர் தண்ணீர், குழாயில் வரும் பாலாற்றுத் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் அதே சம்ப்பில் விழுந்துவிடும். குடிக்கத் தனியாகக் கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ இருக்கும். குளிக்கிறவருக்கு இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. சோப்பு நுரைக்கிறதா இல்லையா என்பதோடு சரி. அந்தத் தண்ணீரையே இரவும் பகலும் செவுள் வழியாக விட்டுக்கொண்டிருக்கும் மீனுக்கு அப்படியில்லை.

புதுத் தொட்டியில் முதல் மூன்று வாரங்களுக்குள் சாகிற மீன்களில் பெரும்பாலானவை நோயால் சாவதில்லை, தண்ணீரால் சாகின்றன. ஒன்று, தண்ணீர் திடீரென்று மாறியிருக்கும். அல்லது, மீனின் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா தொட்டியில் உருவாகும் முன்பே மீனை விட்டிருப்பார்கள். இந்த அத்தியாயம் அந்த இரண்டைப் பற்றியது. விளக்கு, செடி, அலங்காரமெல்லாம் பின்னால் வரும்.

நம் வீட்டுக்கு வரும் தண்ணீர்

முதலில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. பல்லாவரம், பரங்கிமலை, தாம்பரம் வட்டாரத்தின் அடியில் இருப்பது சார்னகைட் என்ற கடினப் பாறை. பிரிட்டிஷ் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1890களில் இந்தப் பகுதிப் பாறையை ஆராய்ந்துதான் அந்த வகையை உலகுக்கு அடையாளம் காட்டினார். இந்தப் பாறை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. அதன் வெடிப்புகளிலும், மேலே மக்கிக்கிடக்கும் அடுக்கிலும் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். ஒரு போர் எந்த வெடிப்பில் இறங்கியதோ அந்த வெடிப்பின் தண்ணீர்தான் மேலே வரும். அதனால்தான் எதிர்வீட்டு போரில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 600 இருக்கும்போது நம் வீட்டில் 1,400 காட்டுவது இங்கே சகஜம். பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷமாக ஏஞ்சல் மீன் வளர்க்கிறார் என்பதை நம்பி நம் தண்ணீரை முடிவுசெய்ய முடியாது.

கிழக்கே போகப் போக நிலமும் மாறும். நீலாங்கரை, பாலவாக்கம் பக்கம் மணல் நிலம். அங்கே அளவுக்கு மீறி உறிஞ்சிய இடங்களில் கடல் நீர் உள்ளே வந்திருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அதை ஒட்டிய பெருங்குடி குப்பைக் கிடங்கின் சாறு பல ஆண்டுகளாக மண்ணில் இறங்கியிருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு இறங்கிய நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் உண்டு. இந்த இடங்களுக்கு அருகில் வீடு என்றால் போரை மறந்துவிட்டு வேறு தண்ணீர் பாருங்கள். உலோகக் கலப்பை வீட்டில் அளக்க வழியில்லை.

இன்னொன்று: பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க் இருக்கும், பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு போர் இருக்கும். அந்தத் தண்ணீரில் நைட்ரேட் கூடுதலாகவே இருக்கும். குழாயிலேயே நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் இருந்தால், எத்தனை தடவை தண்ணீர் மாற்றினாலும் தொட்டியில் அதற்குக் கீழே இறங்காது. அதனால் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் முன் குழாய்த் தண்ணீரை ஒருமுறை முழுசாகச் சோதித்து, எண்களை எழுதி வையுங்கள்.

பாலாற்றுத் தண்ணீர் பொதுவாக நல்ல தண்ணீர். வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகளின் தண்ணீர் வருகிறது. முதல் ஆலை 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடும், இரண்டாவது 2024-ல் 15 கோடி லிட்டர் திறனோடும் ஓடத் தொடங்கின. இந்த இரண்டு வகைத் தண்ணீரிலும் கவனிக்க வேண்டியது குளோரின். குடிநீரில் கிருமி வளராமலிருக்கக் கடைசிக் குழாய் வரை லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு நல்லது. மீனின் செவுளையோ அது எரித்துவிடும். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாவையும் கொல்லும்.

லாரித் தண்ணீரில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. புறநகரின் வெளிவட்டத்தில் உள்ள கிணறுகளிலிருந்து ஏற்றிவருகிறார்கள். இந்த லோடும் அடுத்த லோடும் ஒரே கிணற்றுத் தண்ணீராக இருக்கும் என்று சொல்ல முடியாது. சிலர் லாரியிலேயே பிளீச்சிங் பவுடரைக் கையால் அள்ளிப் போடுவார்கள். எவ்வளவு என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. சம்ப் கழுவிய அன்று அபார்ட்மென்ட் வாட்ச்மேனும் தன் பங்குக்குக் கொஞ்சம் போடுவார். மழை வெள்ளத்துக்குப் பிறகு தெருவெங்கும் பிளீச்சிங் பவுடர்தான். அந்த வாரங்களில் மூக்கை நம்பாதீர்கள். சில சொட்டு விட்டால் மஞ்சளாகும் குளோரின் சோதனைத் திரவம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளே வராத தண்ணீர்தான் தொட்டிக்குப் போக வேண்டும்.

கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் பார்க்கச் சுத்தம். புதிதாகத் தொடங்குகிற பலர், மீனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, கேன் கேனாக வாங்கி ஊற்றித் தொட்டியை நிரப்புகிறார்கள். இதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். ஆர்ஓ சவ்வு உப்புகளோடு சேர்த்து பைகார்பனேட்டையும் எடுத்துவிடுகிறது. தண்ணீரின் பிஹெச்சைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான். கழிவைச் செரிக்கும் பாக்டீரியா தன் வேலைக்கு அதைத்தான் செலவழிக்கிறது: ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனைச் செரிக்கச் சுமார் ஏழு மில்லிகிராம் காரத்தன்மை தீரும். கேன் தண்ணீரில் இது சீக்கிரம் தீர்ந்து, பிஹெச் சரசரவென்று இறங்கி, பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். நம் போர் தண்ணீரை எல்லோரும் திட்டினாலும் இந்த ஒரு விஷயத்தில் அது நல்ல தண்ணீர். காரத்தன்மை அதில் தாராளமாக இருக்கிறது.

பெரிய அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. டிடிஎஸ் குறையவே குறையாது. அந்தத் தண்ணீர் மாலிக்கும் கப்பிக்கும் ஆகாது, அவற்றுக்குக் கால்சியம் வேண்டும். சாஃப்ட்னருக்கு முன்னாலுள்ள குழாயிலிருந்து எடுக்க முடியுமா என்று பராமரிப்பு ஆட்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் தோட்டத்துக் குழாயில் வருவது அதுதான்.

அளப்பது எப்படி

எல்லார் கையிலும் இப்போது டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. பேனா மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்தான். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைத் தோராயமாகச் சொல்லும். அமோனியாவையோ குளோரினையோ அது காட்டாது. டிடிஎஸ் 200 காட்டுகிற தொட்டியில் மீன் கூட்டமாகச் செத்துக்கொண்டிருக்கலாம், 1,000 காட்டுகிற தொட்டியில் மாலி குட்டி போட்டுக்கொண்டிருக்கலாம். அந்த மீட்டருக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: தண்ணீர் மாறிவிட்டதா என்று கண்டுபிடிப்பது. சம்ப்பில் நேற்று 700, இன்று 1,100 என்றால் புது லோடு வந்திருக்கிறது, இன்றைக்குத் தொட்டியில் கை வைக்கக் கூடாது.

அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் நான்கையும் பார்க்கச் சொட்டுத் திரவ கிட் வாங்குங்கள். காகிதப் பட்டைகள் மலிவு, ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் டப்பாவைத் திறந்த சில வாரங்களிலேயே நிறம் பொய் சொல்லத் தொடங்கிவிடும். மீனுக்குச் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு இந்த கிட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

பிஹெச் பார்க்கும்போது ஒரு நுணுக்கம். போரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். அப்போது பார்த்தால் 7.2 காட்டும். அதையே ஒரு பக்கெட்டில் பிடித்து, ஏர் பம்ப் குழாயைப் போட்டு, மறுநாள் பாருங்கள். வாயு வெளியேறி 8.2 ஆகியிருக்கும். தொட்டியில் மீன் வாழப்போவது அந்த 8.2-ல்தான். அதே பக்கெட்டில் வேறு ஒன்றையும் கவனிக்கலாம். மாலையில் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் காலையில் லேசாகச் செம்மண் நிறமாகி, அடியில் துருப் பொடி படிந்து, மேலே எண்ணெய் போல ஒரு மெல்லிய ஏடு கட்டியிருந்தால் அதில் இரும்பு இருக்கிறது. ஒரு நாள் காற்றுவிட்டு, இன்னொரு நாள் அசையாமல் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். இதைச் செய்யாமல் ஊற்றினால் அந்தத் துரு படிகிற இடம் மீனின் செவுள்.

ஆகவே ஐம்பது லிட்டர் டிரம் ஒன்றைத் தொட்டிக்கென்றே ஒதுக்குங்கள். வாரா வாரம் மாற்றப்போகும் தண்ணீர் ஒரு நாள் முன்பே அதில் காற்றோடு நிற்கட்டும். குளோரின் போகும், பிஹெச் நிலைக்கும், சூடு அறையின் சூட்டுக்கு வரும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் போடலாம், அது சோடியம் தயோசல்பேட்தான். மே மாதத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரை மதியம் பிடித்தால் கை வைக்க முடியாது, அதனால் விடியற்காலையில் பிடியுங்கள். டிரம்மைத் துணியோ வலையோ போட்டு இறுகக் கட்டிவையுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட சுத்தமான, திறந்து கிடக்கும் தண்ணீரில்தான்.

எந்தத் தண்ணீருக்கு எந்த மீன்

டிடிஎஸ் 1,000 வரை உள்ள சுத்தமான போர் தண்ணீரில் கப்பி, மாலி, பிளாட்டி, சோர்ட் டெயில் நிம்மதியாக வாழும். குட்டி போடும் இந்த இனங்களுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். ஏஞ்சல், கௌராமி, பார்ப் வகைகள் வேண்டுமென்றால் பாதி போர், பாதி ஆர்ஓ கலந்துகொள்ளலாம்: 1,000-ம் 50-ம் சரிபாதி கலந்தால் 525 வரும். ஒருமுறை முடிவுசெய்த கலவையை அப்புறம் மாற்றக் கூடாது. கார்டினல் டெட்ரா, டிஸ்கஸ் இரண்டும் முதல் தொட்டிக்கு வேண்டாம். பிஹெச்சைக் குறைக்கும் திரவங்களை வாங்கி போர் தண்ணீரில் ஊற்றுவதும் வேண்டாம். காரத்தன்மை மிகுந்த தண்ணீர் இரண்டு நாளில் பழைய பிஹெச்சுக்கே திரும்பும். நடுவில் அங்கும் இங்கும் இழுபட்டுத் துன்பப்படுவது மீன்தான். 8.2-லேயே நிலையாக இருக்கும் தொட்டி, தினமும் 7-க்கும் 8-க்கும் போய்வரும் தொட்டியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒரு சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், அதன் கழிவே ஒரு சின்னத் தொட்டியைக் கெடுக்கப் போதும். வளர்ந்த பிறகு ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டவை தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வாங்காதீர்கள்.

மீனுக்கு முன்னால் பாக்டீரியா

மீன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும். கடையில் விற்கும் தீனி ஒரு கிராமிலிருந்து கடைசியில் 30, 40 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் வரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி நிறைய ஊற்றினால் 56 லிட்டர். கல், மணல், மேலே விட்ட இடம் போக 50 லிட்டருக்கும் குறைவுதான். அதில் ஒரு கிராம் தீனி லிட்டருக்கு முக்கால் மில்லிகிராம் அளவுக்கு அமோனியாவை ஏற்றிவிடும். ஒரு கிராம் என்பது குழந்தைகள் ஆசையாய் இரண்டு வேளை தூவும் அளவு.

இந்த அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் விஷம். மூன்றாவது ஓரளவுக்குப் பொறுக்கக்கூடியது, அதை வாரா வாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா தனியாகச் செய்ய முடியும் என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்தது 2015-ல்தான். அதிலொன்று கிடைத்ததே மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரிலிருந்து. இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் இவை போதுமான அளவுக்கு வளர மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். 28, 30 டிகிரிச் சூடு இவற்றுக்கு உகந்தது என்பதால் நம் ஊரில் குறைந்த பக்கமே ஆகும்.

இனி, தாம்பரம்வாசி மறக்கவே கூடாத விஷயம். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். அம்மோனியம் என்ற வடிவம் அவ்வளவு கெடுதி செய்யாது. கட்டற்ற அமோனியாதான் கொல்லும். எது எவ்வளவு என்பதைப் பிஹெச்சும் சூடும் முடிவுசெய்கின்றன. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் மொத்த அமோனியா என்று கிட் காட்டுகிறது என்று வையுங்கள். பிஹெச் 7, சூடு 25 டிகிரி என்றால் அதில் கொல்லும் வடிவம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அதுவே பிஹெச் 8.2, சூடு 30 டிகிரி என்றால் நூற்றில் பதினொன்று. இருபது மடங்கு. கிட்டில் தெரியும் பச்சை நிறம் இரண்டிலும் ஒன்றே. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகத்தில் ஒரு மில்லிகிராம் வரை பயமில்லை என்று இருக்கலாம். அது அவர்கள் ஊர்த் தண்ணீருக்கு. நம் போர் தண்ணீரில், நம் ஏப்ரல் மாதத்தில், கால் மில்லிகிராம் கண்டாலே அன்றைக்குத் தீனியை நிறுத்தித் தண்ணீர் மாற்ற வேண்டும்.

எனவே மீன் இல்லாமலே பாக்டீரியாவை வளர்த்துவிடுவதுதான் சரியான வழி. தொட்டியை நிரப்பி, ஃபில்டரையும் ஏர் பம்ப்பையும் ஓடவிடுங்கள். பாக்டீரியாவுக்கு உணவாக அமோனியா வேண்டும். அம்மோனியம் குளோரைடு அதற்கு வசதி. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படுத்திய நவச்சாரம் அதுதான். ஆனால் நாட்டு மருந்துக் கடைக் கட்டியில் என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது. ரசாயனக் கடையில் சுத்தமான பொடியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பெயர் எழுதி ஒட்டுங்கள். 50 லிட்டர் தண்ணீருக்கு இந்தக் கரைசலில் 30 மில்லி ஊற்றினால் அமோனியா சுமார் 2 மில்லிகிராமுக்கு வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதல் வாரம் எதுவும் நடக்காதது போலிருக்கும். பிறகு அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். நைட்ரைட் கட்டம்தான் நீளமானது, பொறுமையைச் சோதிக்கும். அமோனியா பூஜ்யத்துக்கு வரும்போதெல்லாம் திரும்ப அதே அளவு ஊற்றுங்கள். ஊற்றிய 24 மணி நேரத்துக்குள் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். முக்கால் பங்கு தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, ஓரிரு நாளுக்குள் மீனை விடுங்கள். தள்ளிப்போட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்கும்.

இந்தக் காலத்தைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். கடைத் தொட்டி ஸ்பாஞ்ச் வேண்டாம், தினமும் புது மீன் வந்துபோகும் இடத்தில் நோயும் சேர்ந்து வரும்.

முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்தது போல வெண்மையாகலாம். அது வேறு பாக்டீரியாக்கள் திடீரெனப் பெருகுவது, தானாகத் தெளியும். பயந்துபோய் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டாம்.

மீன் வந்த பிறகு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மீன் வாங்கும்போது காதில் விழும் பேச்சு இது.

"அண்ணே, தண்ணி எப்ப மாத்தணும்?"

"வாரம் ஒருவாட்டி ஃபுல்லா எடுத்துட்டு, கல்லு, ஃபில்டர் எல்லாத்தையும் பைப்புல நல்லா கழுவிடுங்க சார். பளிச்சுனு இருக்கும்."

பளிச்சென்று இருக்கும் என்பது உண்மை. மூன்று வாரம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அன்றோடு தீர்ந்தது என்பதும் உண்மை. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே ஒரு பக்கெட்டில் வைத்து இரண்டு தடவை பிழிந்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். பழுப்பாகவே இருக்கட்டும். தொட்டி வாங்கும்போது சேர்த்துக் கொடுக்கும் நீலத் திரவம் மெத்திலீன் ப்ளூ, மருந்து. அதைத் தடுப்பு மருந்து போல வாரா வாரம் ஊற்றினால் பாக்டீரியாவும் பாதிக்கப்படும். நோய் வந்தால், தனி பக்கெட்டில் மட்டும்.

கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வாங்கி வருகிறவர்கள் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வருகிறார்கள். பையிலிருக்கும் தண்ணீர் வேறு, உங்கள் தண்ணீர் வேறு. பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு மீனோடு அந்தத் தண்ணீரை ஒரு சின்ன பக்கெட்டில் விட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாக அரை மணி நேரத்தில் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது. முதல் தடவை நான்கைந்து சின்ன மீன் போதும். இரண்டு வாரம் கழித்து, சோதனை சரியாக இருந்தால், இன்னும் நான்கு.

தினமும் ஒரு நிமிடம் தொட்டி முன் உட்கார்ந்து செவுளைப் பாருங்கள். நன்றாக இருக்கும் மீனின் செவுள் மூடி நிதானமாக, ஒரே சீராகத் திறந்து மூடும். அது படபடவென்று அடித்துக்கொண்டால், ஓரம் கன்றிச் சிவந்திருந்தால், துடுப்புகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு மூலையில் நின்றால், கிட்டை எடுங்கள். விடியற்காலையில் மட்டும் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்று போதவில்லை. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும், 32 டிகிரியில் 7.3 தான். மே மாதத்தில் தொட்டி மேல்பரப்பில் படுமாறு ஒரு சின்ன ஃபேன் வைத்தால் சூடு ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். அப்போது ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை, போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும்.

நைட்ரைட் தெரிந்தால் நம் சமையலறையிலேயே கைமருந்து இருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் நுழைவதைத் தடுக்கும். போர் தண்ணீரில் குளோரைடு ஏற்கெனவே ஓரளவு உண்டு என்பதால் அதில் வளரும் மீன் நைட்ரைட்டைக் கொஞ்சம் தாங்கும். கேன் தண்ணீர் மீன் தாங்காது.

கேன் தண்ணீரில் தொடங்கி, ஒரு மாதம் தண்ணீரே மாற்றாமல் விட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் தொட்டியில் பிஹெச் 6.5-க்கு இறங்கியிருக்கும், அமோனியா நிறையச் சேர்ந்து, தீங்கில்லாத அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். அதைப் பார்த்து நல்லெண்ணத்தில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு பிஹெச் 8.2 போர் தண்ணீரை ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியத்தில் ஒரு பகுதி சில நிமிடங்களில் கொல்லும் வடிவத்துக்கு மாறும். நன்றாக நீந்திக்கொண்டிருந்த மீன் ஒரு மணி நேரத்தில் சாய்ந்துவிடும். முதலில் அதே கேன் தண்ணீரால் இரண்டு மூன்று நாள் சிறிது சிறிதாக மாற்றி அமோனியாவை வெளியேற்றுங்கள். அது பூஜ்யமான பிறகு போர் தண்ணீரை, ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் சேருங்கள்.

மழையும் கரண்டும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போர் தண்ணீரின் டிடிஎஸ் இறங்கும். சம்ப்பில் மழைநீர் சேர்ந்தால் இன்னும் இறங்கும். நல்ல தண்ணீர் வந்துவிட்டது என்று ஒரேயடியாகப் பாதியை மாற்ற வேண்டாம், பத்தில் ஒரு பங்காக மாற்றுங்கள். வெள்ளம் வந்து சம்ப்பில் தெருத் தண்ணீர் கலந்துவிட்டால், அதைக் கழுவி இரண்டு தடவை நிரப்பும் வரை தொட்டிக்குத் தண்ணீர் எடுக்காதீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமும் தண்ணீர் வடியவும் கரண்டு வரவும் நாட்கள் ஆயின. அக்டோபர் பிறந்ததும் மூடிய டிரம் நிறைய நல்ல தண்ணீரும், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

கரண்டு போனவுடன் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் நான்கைந்து நாள் சாப்பிடாமல் தாராளமாக இருக்கும். பேட்டரி பம்ப் இல்லையென்றால், மணிக்கு ஒருமுறை ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து இருபது முப்பது தடவை ஊற்றுங்கள், காற்று கலக்கும். மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்டு வராது என்று தெரிந்தால் அதைத் திறந்து, உள்ளேயிருக்கும் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். அடைபட்ட இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்துவிடும். திறக்க முடியாமல் போய், கரண்டு வந்தபோது ஃபில்டரில் முட்டை அழுகிய வாடை அடித்தால் உடனே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் பிழிந்து அலசி, பிறகு ஓட்டுங்கள். அடுத்த ஒரு வாரம், தொட்டி புதிது என்று எண்ணிக்கொண்டு, தினமும் அமோனியா பாருங்கள்.